ஆடிப்பட்டத்தில் எதை விதைப்பது, எதைத் தள்ளிப்போடுவது

கேள்வியின் சுருக்கம் இது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டின் கொல்லையில் கிழமேற்காக 20 அடி, தென்வடலாக 15 அடி இடம். களி கலந்த மண். வடக்கே வீடு, தெற்கே ஆறடி மதில். போன ஆடியில் தக்காளி, வெண்டை, கத்தரி, முள்ளங்கி, காலிபிளவர், கீரை என்று கையில் கிடைத்த விதையையெல்லாம் போட்டு, தீபாவளி மழையில் பாதிக்கு மேல் அழுகிவிட்டது. வீட்டில் நாலு பேர். இந்த ஆடியில் என்ன போடலாம்?

விதைக் கடைக்குப் போகும் முன் நாட்காட்டியை எடுங்கள். ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி, அதாவது ஐப்பசி முதல் வாரம். நடுவே இருப்பது தொண்ணூறு நாள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதைப் பலர் ‘ஆடியில் எதைப் போட்டாலும் வரும்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். வட தமிழகக் கடலோர மாவட்டங்களில் அது அப்படியில்லை. இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அடைமழை வரும்போது உங்கள் செடி எந்த வயதில் நிற்கும் என்பதுதான் கேள்வி. காய்த்து முடிந்திருந்தால் நல்லது. தண்டு தடித்து, வேர் ஆழமாக இறங்கிய நிலையில் இருந்தாலும் தாங்கும். பழம் பழுக்கிற நேரத்திலோ, நாற்றாகவோ சிக்கினால் போச்சு.

இந்தக் கணக்கைத் தக்காளிக்குப் போட்டுப் பாருங்கள். ஆடி முதல் வாரம் நாற்று விட்டால் 25 நாளில், ஆகஸ்ட் பாதியில் நடலாம். நட்டு 60 முதல் 65 நாளில் முதல் பழம் சிவக்கும். அது அக்டோபர் 15க்கும் 20க்கும் இடையில் வருகிறது. மழை தொடங்கியதும் பழம் வெடிக்கும், மண்ணைத் தொட்ட கொத்து அழுகும், இலையில் கருகல் ஏறும். அதற்கு முன்பே ஆவணி வெக்கையில் பூ கொட்டியிருக்கும். இரவுச் சூடு 24 டிகிரிக்கு மேல் நின்றால் தக்காளி பிஞ்சு பிடிக்கத் தயங்கும். ஆகவே உங்கள் ஊரில் ஆடியில் தக்காளி வேண்டாம். ஐப்பசி கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, கார்த்திகை பிற்பாதியில் நட்டால், தையிலும் மாசியிலும் பழம் எடுக்கலாம். எவ்வளவு ஆசையிருந்தாலும் இந்த ஒரு செடியை ஒத்திப்போடுவது போன வருஷத்து நஷ்டத்தில் பாதியைத் தவிர்க்கும்.

காலிபிளவர், முட்டைகோஸ், பீட்ரூட், கேரட் எல்லாம் சமவெளியில் குளிர் மாதத்துப் பயிர்கள். ஆடி வெயிலில் காலிபிளவர் இலையாகத் தழைக்கும், பூ திரளாது. முள்ளங்கியில் ‘பூசா சேட்கி’ போன்ற சூடு தாங்கும் ரகம் ஆடியிலும் வரும்; ஆனால் களிமண்ணில் கிழங்கு முண்டும் முடிச்சுமாகக் கிளைக்கும், காரமும் அதிகம். கார்த்திகைக்கு விடுங்கள். கொத்தமல்லியும் அப்படித்தான். வெக்கையில் முளைத்தால் இரண்டு கை இலை தருவதற்குள் பூத்துவிடும். இஞ்சி, மஞ்சள் போடும் காலம் சித்திரையும் வைகாசியும், அது தாண்டிவிட்டது.

இனி ஆடிக்குப் பொருந்துவது. முதலிடம் வெண்டைக்கு. நேரடியாக ஊன்றலாம், 35 முதல் 40 நாளில் பூ, 45ஆம் நாளிலிருந்து காய். ஜூலை 20இல் ஊன்றினால் செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கி மழை வரும் வரை ஒன்றரை மாதம் பறிக்கலாம். மழை வரும்போது செடிக்கு மூன்று மாத வயது, பிடுங்கிப் போடுவதிலும் வருத்தம் இருக்காது. கொத்தவரைக்கும் இதே கணக்கு. ஐம்பது நாளில் காய்க்கு வரும். கத்தரி மழைக்கு முன் முடியாது, ஆனால் மழையைத் தாங்கும். ஆடி தொடக்கத்தில் நாற்று விட்டு, ஆவணி பிறக்கும்போது நட்டால் முதல் காய் ஐப்பசியில். அப்போது தண்டு விரல் பருமன் இருக்கும். நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் மாசி வரை காய்க்கும். மிளகாய் நாற்றுக்கு 40 நாள் வேண்டும் என்பதால் வீட்டில் நாற்று விடுவதைவிட, ஆவணியில் நல்ல நாற்றாக ஐந்தாறு வாங்கி நடுவது மேல். மழையில் பூ உதிர்ந்தாலும் மார்கழிக்குப் பிறகு சேர்த்துக் கொடுத்துவிடும்.

கொடிகளில் பாகலும் பீர்க்கனும் 55, 60 நாளில் காய்க்கு வரும். செப்டம்பர் பாதியிலிருந்து கார்த்திகை வரை ஓடும். புடலைக்கு இன்னும் இரண்டு வாரம் கூடுதல். சுரைக்கு உங்களிடம் இடம் இல்லை. ஒரே கொடி பந்தல் முழுவதையும் தின்றுவிடும், நாலு பேர் வீட்டில் வாரத்துக்கு இரண்டு சுரைக்காய்க்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அவரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் கார்த்திகை வரை இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டேயிருக்கும். ‘மலட்டுக் கொடி’ என்று புரட்டாசியில் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. பொறுத்தால் மார்கழியிலிருந்து மாசி வரை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே விதையைத் தையில் போட்டால், பகல் நீள்வதால், அடுத்த கார்த்திகை வரை வெறும் இலைதான். ஆண்டு முழுக்கக் காய்க்கும் குத்து அவரை வேறு ரகம்; கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘கோ’ வரிசையில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. விதை வாங்கும்போது பந்தலா, குத்தா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாக்கலாம். பாகலும் பீர்க்கனும் கார்த்திகையில் ஓய்கிற நேரத்தில் அவரை அதே பந்தலை எடுத்துக்கொள்ளும். ஒரு பந்தலுக்கு இரண்டு பட்டம். அவரையை ஆடிக் கடைசியில் ஒரே குழியில் மட்டும் ஊன்றி, புரட்டாசி வரை நுனியைக் கிள்ளி அடக்கி வையுங்கள். இல்லாவிட்டால் பாகலை மூடிவிடும்.

அடுத்தது, எதை எங்கே வைப்பது. இதற்கு வெயிலைத்தான் கேட்க வேண்டும், அதுவும் ஆடி வெயிலை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஆடியில் உச்சி வெயில் உங்கள் ஊருக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆவணி பிறந்ததும் தலைக்கு நேரே வரும். அதன்பின் தெற்கே சரிந்துகொண்டே போகும். ஆகவே இன்று தெற்கு மதிலோரம் முழு வெயில் அடிக்கிறது. மார்கழியில் அதே ஆறடி மதிலின் நிழல் உச்சி வேளையிலேயே நாலரை அடி நீளும். காலை ஒன்பது மணிக்கு ஏறக்குறைய ஆறடி. காய்கறிச் செடிக்கு ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். தை, மாசி வரை காய்க்க வேண்டிய கத்தரியை மதிலோரம் வைத்தால் காய்க்கிற காலத்தில் நிழலில் நிற்கும். மழைக்கு முன் முடிகிற பயிருக்குத்தான் அந்த இடம்.

எனவே 15 அடியை மூன்றாகப் பிரியுங்கள். வடக்கே, வீட்டை ஒட்டிய ஐந்தடியில் பந்தல். அதன் நிழல் வீட்டுச் சுவர் பக்கம் விழும், மற்ற செடிகளைத் தொடாது. கொடிக் குழிகளைச் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி எடுங்கள், அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும். நடுவே ஐந்தரை அடி: நாலடி அகலப் பாத்தி, ஒன்றரை அடி நடைபாதை. பாத்தியை நாலடிக்கு மேல் அகலப்படுத்தினால் நடுச்செடிக்குக் கை எட்டாமல் உள்ளே மிதிப்பீர்கள். மிதிபட்ட களிமண் செங்கல்தான். மேற்கே பத்தடியில் வெண்டை, கிழக்கே பத்தடியில் கத்தரியும் மிளகாயும். தெற்கே மதிலோர நாலரை அடியில் பாதி கொத்தவரை, பாதி கீரை. மழை முடிந்து அந்த இடம் நிழலாகும்போது புதினா, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை என்று மூன்று நாலு மணி நேர வெயில் போதும் என்கிறவற்றுக்கு மாற்றிவிடலாம்.

எண்ணிக்கையைச் சாப்பாட்டிலிருந்து கணக்கிடுங்கள். நன்றாக இருக்கும் வெண்டைச் செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். ஒரு பொரியலுக்கு இருபது, இருபத்தைந்து காய் வேண்டும். ஐந்து செடி வைத்துவிட்டு ‘காய்க்கவேயில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை. காய்த்தது, ஒரு நாளில் சேரவில்லை, அவ்வளவுதான். 25 செடி வையுங்கள். கொத்தவரை இரண்டு வரிசையில் 35 செடி. கத்தரி ஆறே போதும், எட்டு வைத்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். மிளகாய் ஐந்து. பந்தலில் பாகலுக்கு இரண்டு குழி, பீர்க்கனுக்கு ஒன்று, அவரைக்கு ஒன்று. குழிக்கு இரண்டு கொடி. மொத்தம் ஏழு காய், கூடக் கீரை. போன வருஷம் கிடைத்த வகையையெல்லாம் போட்டதும் ஒரு தவறு. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தண்ணீர், வெவ்வேறு பூச்சி, எதையும் கவனித்திருக்க முடியாது.

விதைக்குப் போகும் முன் மண். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நாலு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் தரை மட்டத்தில் எதையும் நடக்கூடாது. களி கலந்த மண் என்பதால் பெரும்பாலும் நிற்கும். பாத்தியை ஒன்பது அங்குலத்திலிருந்து ஓரடி வரை மேட்டுப் பாத்தியாக உயர்த்துங்கள். நடைபாதையிலிருந்து வெட்டும் மண்ணையே பாத்தியில் ஏற்றினால் பாதை தானாக வாய்க்காலாகிவிடும். அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பது அதைவிட முக்கியம். மதிலுக்குக் கீழே மூன்று அங்குலக் குழாய் ஒன்று பதித்து வெளியே வழி விடாவிட்டால், ஐப்பசியில் மதிலுக்குள் இருப்பது தோட்டம் இல்லை, குட்டை.

வீட்டைச் சுற்றிய மண்ணில் இன்னொரு தொல்லை, கட்டட வேலை மிச்சம். ஓரடிக்குள் காரை, சிமென்ட் கட்டி கிடைத்தால் பொறுக்கி வெளியேற்றுங்கள். சுண்ணாம்பு கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அதுதான் காரணம். அடி இலைகள் முழுதாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு உரத்தை அள்ளிப் போடாதீர்கள்.

பாத்திகளின் பரப்பு ஏறக்குறைய 170 சதுர அடி வரும். அதற்கு மக்கிய தொழு உரம் 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 4 முதல் 5 கிலோ. கொடிக் குழி ஒன்றுக்குத் தனியாகப் பத்து கிலோ தொழு உரம். நாலு குழிக்கு 40. எருவைக் கையில் எடுத்தால் சாண வாடை வரக்கூடாது, மண் வாடை வர வேண்டும், உதிர வேண்டும். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் சூட்டில் வேர் கருகும். அதோடு எருக்குழி வெள்ளைப் புழுவும் குடிவந்து வேரைக் கடிக்கும். களிமண் என்பதற்காக ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம். கொஞ்சம் மணல் கலந்த களி சில நேரம் முன்பைவிட இறுகும். களியைப் பொலபொலவென்று ஆக்குவது எருவும் இலைமக்கும்தான். எருவைக் கலந்து, தண்ணீர் விட்டுப் பத்து நாள் ஆறப்போட்டு, முளைத்த களையைக் கொத்திவிட்டு அதன்பின் விதையுங்கள்.

விதையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்து ஐந்தாறு நாளில் எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஏழுக்குக் குறைந்தால் குழிக்கு ஒரு விதை கூடுதலாகப் போடுங்கள், நாலுக்குக் குறைந்தால் தூக்கிப் போடுங்கள். உறையில் சோதனை தேதி இருக்கும், அதையும் பாருங்கள். வெண்டையில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா அனாமிகா’ நரம்பு மஞ்சள் நோயை ஓரளவு தாங்கும். முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். கொத்தவரையில் ‘பூசா நவபகார்’ கிளைக்காமல் ஒற்றைத் தண்டாக நிற்கும், நெருக்கி நட ஏற்றது. கத்தரியில் உங்கள் வட்டாரத்துக்கு வேலூர் முள்ளுக் கத்தரி நன்றாக வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் காய், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு வேறு எதையும் பக்கத்தில் விடாது. காம்பில் முள் இருக்கும், பறிக்கும்போது கத்தரிக்கோல் வேண்டும். பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் ‘பாலூர் 1’ம் நல்ல ரகம். ஊதா, சிவப்புச் சாயம் பூசிய விதை மருந்து கலந்தது. குழந்தைகள் கையில் கொடுத்து ஊன்றச் சொல்லாதீர்கள்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, காலையில் ஓர் அங்குல ஆழத்தில் இடத்துக்கு இரண்டு விதை. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி. ஐம்பது விதைக்கும் சேர்த்து நாலு கிராமுக்குள்தான் ஆகும், பத்து கிராம் உறை தாராளம். பத்தாம் நாள் மெலிந்த செடியைக் கிள்ளி எடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். கொத்தவரைக்கு வரிசை இடைவெளி ஒன்றரை அடி, செடிக்கு அரையடி. அதற்குத் தண்ணீர் குறைவாகவே போதும், அதிகம் ஊற்றினால் இலை வளரும், காய் குறையும். கத்தரிக்கு எல்லாப் பக்கமும் இரண்டடி. நாற்று ஆறடி நீளத்தில் அடங்கிவிடும், மீதி நாலடியில் மிளகாய். நாற்றை மாலையில் நடுங்கள். இளம் நாற்றின் தண்டு மண் மட்டத்தில் நூல்போல் இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். இரவு முழுக்க மண் நனைந்திருப்பதே காரணம், நாற்றுக்குக் காலையில் மட்டும் தண்ணீர்.

பாகல் விதையின் ஓடு கடினம். இரவு ஊறவைத்து, கூர்நுனியை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும். கிள்ளாவிட்டால் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் எலி கண்டுபிடித்துவிடும். ஒன்றரை அடிக் கனக் குழியில் நாலு விதை போட்டு, நல்ல இரண்டை விடுங்கள். கொடி பந்தல் ஏறும் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூ மட்டும் பூத்துக் கொட்டும், அது குறையில்லை. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் போலவே பிஞ்சு இருக்கும். அது மஞ்சளாகி விழுந்துகொண்டேயிருந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம், கையால் மகரந்தம் தொட்டுவிட வேண்டும். பாகல் பூவுக்கு விடியற்காலை நேரம். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் மலரும். காலையில் போய் வாடிய பீர்க்கன் பூவைத் தடவிப் பயனில்லை.

கீரையைப் பத்துச் சதுர அடித் துண்டுகளாகப் பிரித்து, பன்னிரண்டு நாளுக்கு ஒரு துண்டு விதையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரு வாரம் கீரை விருந்து, பிறகு இரண்டு மாதம் ஒன்றுமில்லை. துண்டுக்கு அரைத் தேக்கரண்டி சிறுகீரை அல்லது முளைக்கீரை விதை, பத்து மடங்கு மணலில் கலந்து தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண். பாத்தியோரம் கொஞ்சம் அரிசி நொய் தூவுங்கள், எறும்பு விதையை விட்டு அதைத் தூக்கப் போகும். சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்க வரும். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், அதற்கு ஒரு துண்டை நிரந்தரமாக ஒதுக்குங்கள். புரட்டாசி பாதிக்குப் பிறகு தண்டுக்கீரை வகைகளை விதைக்காதீர்கள். மழை அடித்துச் சாய்க்கும், இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளமாகத் துரு நோய் வரும்.

ஆடிக் காற்றையும் கணக்கில் வையுங்கள். பந்தல் கால்களை ஒன்றரை அடி ஆழத்தில் நட வேண்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நடும்போதே குச்சி கொடுங்கள். பிறகு குத்தினால் வேரைக் குத்துவீர்கள். பாத்தியில் காய்ந்த இலையோ வைக்கோலோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் ஆவணி வெயிலில் தண்ணீர் பாதி மிச்சமாகும். தண்டை ஒட்டி மட்டும் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். புரட்டாசிக் கடைசியில் மூடாக்கை எடுத்துவிட வேண்டும், மழையில் அது நத்தைக்கு வீடு.

பூச்சிகளில் இந்தப் பட்டத்தில் கட்டாயம் வருவன நாலைந்துதான். வெண்டை இலை நரம்பு மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அது வைரஸ், எந்த மருந்தும் ஆற்றாது. வெள்ளை ஈ அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டு போகும். ஈயைப் பிடிக்க மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் இரண்டு கட்டிவிடுங்கள். கத்தரியில் நுனித் தண்டு மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி நசுக்குங்கள். இதைத் தட்டாமல் வாரம் இருமுறை செய்தால் காயில் ஓட்டை விழுவது பெருமளவு குறையும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். முன்னதற்கு வேப்பெண்ணெய். பின்னதற்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்தபின். எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

வேப்பெண்ணெய் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. முதலில் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து அதில் எண்ணெயைக் குழைத்து, பால்போல் வெளுத்தபின் தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதக்கும். தெளிப்பானில் கடைசியாக வரும் துளி வெறும் எண்ணெயாக விழுந்து இலையைச் சுட்டுவிடும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில் மட்டும்.

பாகலுக்கும் பீர்க்கனுக்கும் எதிரி பழ ஈ. பிஞ்சில் ஊசித்துளை, கோணல் காய், உள்ளே புழு. கடையில் ‘பழ ஈ பொறி’ என்று கேட்டால் பெரும்பாலும் மாம்பழத்துக்கான மெத்தில் யூஜினால் பொறியை எடுத்துக் கொடுப்பார்கள். கொடிக் காய்களின் ஈ அதற்கு வராது. ‘கியூ லூர்’ என்று சொல்லி வாங்குங்கள். இந்த அளவு தோட்டத்துக்கு அதைவிட எளிய வழி, பூ வாடியதும் விரல் நீளப் பிஞ்சைக் காகித உறையால் மூடுவது. விழுந்த காயை உரக்குழியில் போட்டால் ஈயை வளர்க்கிறீர்கள். பக்கெட் தண்ணீரில் இரண்டு நாள் மூழ்க வைத்து அதன்பின் புதையுங்கள்.

மழை தொடங்கும் வாரத்தில் செய்ய வேண்டியது: கத்தரிக்கு மண் அணைத்துக் குச்சியை இறுக்குவது, வாய்க்காலைத் தூர் எடுப்பது, கொத்தவரையையும் ஓய்ந்த வெண்டையையும் தரையோடு வெட்டி வேரை மண்ணிலேயே விடுவது. மழை நாட்களில் உரம் எதுவும் வேண்டாம், கரைந்து ஓடிவிடும். இரண்டு நாள் விடாமல் பெய்தபின் கத்தரி இலை தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் தொங்கினால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. பழக்கத்தில் இன்னொரு குடம் ஊற்றுகிறவர்கள்தான் அந்தச் செடியைக் கொல்கிறார்கள். வேரைச் சுற்றி முள்கரண்டியால் லேசாகக் கிளறிவிட்டு வாய்க்காலைத் திறங்கள்.

இந்தக் கணக்கு சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, கடலூர் பக்கத்துக்கு. கோவையிலும் தேனியிலும் வடகிழக்கு மழை இவ்வளவு மூர்க்கமில்லை. அங்கே ஆடித் தக்காளி எடுக்கலாம், ஆனால் கணவாய்க் காற்றுக்குத் தடுப்பு வேண்டும். குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் நாள் எண்ணுவதே வேறு மாதிரி.

ஆவணி பத்து தேதிக்குள் வெண்டை ஊன்ற முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தப் பத்தடியில் இரண்டு சுற்றுக் கீரை எடுத்துவிட்டு, பசுந்தாள் உரப் பயிரான சணப்பையோ தக்கைப்பூண்டோ தூவி 40, 45 நாளில் பூக்கும் முன் மடக்கி மண்ணில் புதையுங்கள். தக்கைப்பூண்டு மழை ஈரத்திலும் வளரும். கார்த்திகைக் கடைசியில் தக்காளி நாற்று நடும்போது களிமண் கையில் உதிரும். கத்தரி நின்ற கிழக்குப் பாதியில் தக்காளி வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம், வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் பொது.